கடல் எந்தப் பக்கம் என்று கேட்டு வாங்கிய கார்

1

போன செவ்வாய்க்கிழமை மாநகர சபையிலிருந்து ஒரு கடிதம் வந்தது. எங்கள் வீட்டு முன்வாசலில் நீலத் தார்ப்பாய் போர்த்தி நிற்கும் வாகனத்தைப் பற்றி அயலவர் ஒருவர் முறைப்பாடு செய்திருக்கிறாராம். அது கைவிடப்பட்ட வாகனமா? இல்லையென்றால் ஏன் அங்கே நிற்கிறது? எப்போது ஓடும்? இரண்டு கிழமைக்குள், அதாவது பதினாலு நாளில், பதில் எழுதி அனுப்ப வேண்டும், அனுப்பாவிட்டால் நடவடிக்கை எடுக்க நேரிடும் என்று மிகவும் மரியாதையாக எழுதியிருந்தார்கள். இந்த நாட்டில் மரியாதை கூடக் கூட விஷயம் மோசம் என்று அர்த்தம். இருபத்திரண்டு வருஷத்தில் நான் கற்றுக்கொண்டது அது.

யார் முறைப்பாடு செய்திருப்பார் என்று மூன்று வீட்டுக்காரரை மனத்துக்குள் குற்றவாளிக் கூண்டில் ஏற்றி இறக்கினேன். என் மனைவி நஸீமா, பாவம் சேர்க்காமல் பதிலை எழுதுங்கள் என்றாள்.

கார் வந்து சரியாக ஒரு வருஷம். நான் இங்கிலாந்துக்கு வந்து இறங்கிய நாளை வீட்டில் யாரும் நினைவு வைப்பதில்லை, நானும்தான். ஆனால் இந்தக் கார் வந்த நாள் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கிறது. காரணம் சந்தோஷமானதல்ல, சொல்கிறேன்.

என் ஒரே மகள் ஹஸ்னா செப்டெம்பரில் பல்கலைக்கழகம் போகிறாள். நாலு மணித்தியால ஓட்டம். அவளும் நானுமாகத் திருத்தத் தொடங்கிய கார் இன்னும் பாதியில் நிற்கிறது. அவள் போன பிறகு அந்தத் தார்ப்பாயை யார் தூக்கப் போகிறார்கள்? கடிதத்தில் இருந்த முதல் கேள்வியை நான் பல மாதமாக என்னிடமே கேட்டுக்கொண்டிருந்தேன். சபைக்காரர் அதை அச்சடித்து முத்திரை ஒட்டி அனுப்பிவிட்டார்கள், அவ்வளவுதான்.

2

இந்த யோசனை என்னுடையதல்ல, ஹஸ்னாவுடையது. அப்போது அவளுக்குப் பதினேழு வயது. தமிழில் கேட்டால் இங்கிலீஷில் பதில். இரண்டு காதிலும் பஞ்சு போல எதையோ செருகிக்கொண்டு படியேறிப் போவாள். சாப்பிடக் கூப்பிடுவதற்கு நஸீமா கீழ் மாடியிலிருந்து மேல் மாடிக்குப் போனில் செய்தி அனுப்புவாள். ஒரே கூரைக்குக் கீழே மூன்று பேரும் மூன்று நாட்டில் இருந்தோம்.

அப்படி இருக்கையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளாகவே வந்து எனக்கு முன்னால் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"வாப்பா, ஒரு பழைய கார் வாங்கி நம்ம ரெண்டு பேரும் செய்வமா? புதுசு மாதிரி?"

எனக்கு நெஞ்சு நிறைந்துபோனது. காசு, இடம், நேரம் ஒன்றையும் யோசிக்கவில்லை. ஓம் என்றேன். அதோடு நின்றிருக்கலாம். சந்தோஷத்தில் இன்னொன்றும் சொன்னேன்: "எந்தக் காரெண்டு நீயே தெரிவு செய் மகள். நான் வாய் தொறக்க மாட்டன்."

இந்த இரண்டாவது வசனத்தை வாசகர்கள் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்துக்கொள்ளவில்லை.

3

அவள் ஒரு கொப்பி போட்டாள். பிள்ளை பரீட்சைக்குக்கூட அப்படி எழுதியிருக்க மாட்டாள். முதல்முதலாகப் பழகுபவர்களுக்குச் சரிப்படும் கார் எது, உதிரிப்பாகம் கிடைக்குமா, எஞ்சினை இரண்டு பேர் தூக்கலாமா, எங்கள் முன்வாசலில் நிற்குமா என்று கேள்விகள். கடைசிப் பக்கத்தில் வாங்கப் போகும்போது பார்க்க வேண்டியவை. இருபது இருபத்தைந்து வரி இருக்கும். முதல் வரியே, கீழே படுத்து டோர்ச் அடித்துப் பார்ப்பது.

இரண்டு மாதம் தேடிவிட்டு ஒரு சிறிய ஜப்பான் காருக்கு வந்து நின்றாள். பெட்டி போல இருக்கும், தவிட்டு நிறம். நான் வாய் திறக்கவில்லை. ஆனால் முகம் என்று ஒன்று இருக்கிறதே.

எனக்கு மனத்தில் ஒரே கார்தான். மொரிஸ் மைனர் என்கிற அந்தக் காலத்து இங்கிலீஷ் கார். இலங்கையில், எங்கள் குறிஞ்சிப்பிட்டியில் வெங்காய முதலாளி ஒருவரிடம் வெள்ளை மைனர் ஒன்று இருந்தது. ஒருமுறை மாமரத்திலிருந்து விழுந்து கையை முறித்துக்கொண்டபோது என்னைப் புத்தளம் ஆஸ்பத்திரிக்கு அதில்தான் ஏற்றிப் போனார்கள். கை நொந்ததா என்று இப்போது கேட்டால் தெரியாது. பாலாவிவரை ரோட்டில் நின்ற ஆடுகளைத் துரத்திக்கொண்டு போன அந்த ஹோர்ன் சத்தம் மட்டும் தெரியும். கார் என்றால் அதுதான் கார் என்று அன்றைக்கே எனக்குள் முடிவாகிவிட்டது. தான் பிடித்த முயலுக்கு மூன்று கால்.

ஆகவே வாய் திறக்காமல் மைனர் விளம்பரங்களை மட்டும் அவளுக்கு அனுப்பிக்கொண்டிருந்தேன். சும்மா பார் என்று. பத்தாவதோ பதினோராவதோ அனுப்பியபோது அவள் சலித்துப்போய், சரி, இதையும் ஒருக்கால் போய்ப் பார்ப்போம், பார்த்துவிட்டு மறுநாள் ஜப்பான் காரைப் பார்ப்போம் என்றாள். பார்ப்பது மட்டும் என்பதுதான் ஒப்பந்தம்.

4

இங்கே எங்கள் கரைப் பழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். எங்கள் கற்பிட்டிப் பக்கம் பழைய வாகனம் வாங்கப் போகிறவன் முதலில் கேட்பது எஞ்சினைப் பற்றி அல்ல. "கடல் எந்தப் பக்கம்?" என்றுதான் கேட்பான். எங்கள் நிலம் நீட்டுக்கு ஓடும் ஒடுங்கிய நிலம். மேற்கே கடல், கிழக்கே உப்புநீர்க் களப்பு. வீட்டு வாசலில் கார் தினமும் ஒரே மாதிரித்தான் நிற்கும். கச்சான் காற்று கடலிலிருந்து உப்பை அள்ளிக்கொண்டு வந்து அந்த ஒரு பக்கத்தில் அப்பும். முதலில் கூரையோரத்தில் மழைத்தண்ணீர் ஓடும் மழைக்கால் உக்கிப்போகும், பிறகு ஜன்னல் விளிம்பு, பிறகு கதவின் மேல்பக்கம். விபரம் தெரிந்தவன் பெருவிரலால் அந்த மழைக்காலை ஒரு தடவு தடவி, விரலை நாக்கில் வைத்துப் பார்ப்பான். கறள், அதாவது துரு, ஏறிய தகரத்துக்கு ஒரு ருசி உண்டு. எங்களூரில் உப்பு மேலிருந்து வருவது.

மைனரை விற்றவர் ஓய்வு பெற்ற ஆசிரியை. நல்ல பெண்மணி. காரைப் பற்றித் தனக்கு ஒன்றும் தெரியாது, தம்பியார் விட்டுப்போனது, அடிப்பக்கம் தான் பார்த்ததேயில்லை என்று உள்ளபடியே சொன்னார். தேநீரும் பிஸ்கட்டும் தந்தார். கார் இளநீலம். கழுவித் துடைத்து நிற்க வைத்திருந்தார். நான் பிஸ்கட்டை வைத்துவிட்டு அதை ஒரு சுற்றுச் சுற்றி வந்தேன்.

அந்தம்மாவிடம் இந்தக் கார் எந்தப் பக்கத்தைக் கடலுக்குக் காட்டி நின்றது என்று கேட்டேன். அவர் என்னைப் பார்த்தார். ஹஸ்னா நிலத்தைப் பார்த்தாள். கடல் அங்கிருந்து அறுபது மைலுக்கு அப்பால் என்று பிறகுதான் அவள் சொன்னாள். நான் விடாமல் கூரையைத் தடவினேன். இரண்டு பக்கமும் தடவினேன். அந்தம்மா பிஸ்கட் தட்டோடு நிற்கையில் விரலை நாக்கில் வைத்தேன். கறள் இல்லை. ஒரு பொட்டும் இல்லை. இந்தக் கண்ணால் இத்தனை சுத்தமான மழைக்காலை நான் பார்த்ததில்லை.

ஹஸ்னா நாங்கள் வந்த காரின் டிக்கியிலிருந்து வீட்டுப் பழைய பாய் ஒன்றை எடுத்தாள். கையில் டோர்ச், மற்றக் கையில் கொப்பி. காருக்குப் பக்கத்தில் பாயை விரிக்கப் போனாள். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. ஒருவர் வீட்டில் தேத்தண்ணி குடித்தாகிவிட்டது. குடித்த பிறகு அவருடைய சாமானுக்குக் கீழே படுத்துத் துருவுவதென்றால், மனிசியின் முகத்துக்கு நேரே நீ சொல்வதை நம்பவில்லை என்று சொல்கிற மாதிரி. எங்கள் பக்கம் அது அழகில்லை.

"பாயச் சுருட்டு மகள்," என்றேன்.

அவள் சுருட்டவில்லை, என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்த இடைவெளியில் நான் அந்தம்மாவிடம் திரும்பி, சரி, எடுத்துக்கொள்கிறோம் என்று சொல்லிவிட்டேன். பிஸ்மி சொல்லிக் கையும் கொடுத்துவிட்டேன்.

5

இனி உப்பைத் தின்றவன் தண்ணீர் குடித்த கதை.

கார் ஒரு லொறியில் வந்து இறங்கியது. அன்று பின்னேரமே ஹஸ்னா சக்கரம் கழற்றுவதற்காக ஜெக்கைக் கொண்டுபோய்க் கதவடியில் உரிய இடத்தில் வைத்துச் சுழற்றினாள். ஜெக் உயர்ந்தது. கார் உயரவில்லை. இன்னும் சுழற்றினாள். ஜெக் தகரத்தைக் கிழித்துக்கொண்டு உள்ளே போய், ஓட்டுநர் ஆசனத்துக்குப் பக்கத்தில் தலையை நீட்டி எங்களைப் பார்த்தது.

பிறகுதான் பாயை விரித்து இரண்டு பேரும் கீழே போனோம். அடிப்பக்கம் என்று சொல்ல ஒன்றும் மிச்சமில்லை. பாண் துண்டைப் பிய்ப்பது போல விரலால் பிய்க்க வந்தது. இந்த நாட்டில் பனிக்காலத்தில் ஐஸ் பிடிக்காமலிருக்கத் தெருவெல்லாம் லொறியில் உப்புக் கொண்டுவந்து தூவுகிறார்கள். வந்த முதல் வருஷம் அதைக் கண்டு நானே ஊருக்குப் போன் எடுத்து, இங்கே ரோட்டுக்குக் கறி ஆக்குகிறார்கள் என்று சிரித்தவன். அந்த உப்பு சக்கரத்தோடு தெறித்துக் கீழிருந்து மேலே போகிறது. காலம் காலமாக அது இந்தக் காரைக் கீழிருந்து தின்றிருக்கிறது. நான் கூரையை நக்கிக்கொண்டு நின்றிருக்கிறேன். உப்பளத்தைப் பார்த்து வளர்ந்தவனை உப்பே ஏமாற்றிவிட்டது.

ஹஸ்னா எழும்பித் தூசியைத் தட்டினாள். அந்தம்மாவிடம் பேசித் திருப்பிக் கொடுக்கலாமா என்று கேட்டாள். நான் முடியாது என்றேன். வாக்குக் கொடுத்தாகிவிட்டது, வாக்கு மாறுவது நம்மிடம் இல்லாத பழக்கம், அதுவும் அவர் பொய் ஒன்றும் சொல்லவில்லையே என்று கொஞ்சம் பெருமையாகவே விளக்கினேன்.

"அந்த மிஸ்ஸுக்குக் குடுத்த வாக்கக் காப்பாத்துறீங்க," என்றாள். "எனக்குக் குடுத்தது?"

சத்தம் போடவில்லை. கொப்பியைக் காரின் பொனட் மேல் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அந்த நாளைத்தான் வீட்டில் எல்லாரும் ஞாபகம் வைத்திருக்கிறோம்.

6

மூன்று கிழமை. தேவையானதற்கு மட்டும் பேச்சு. அதுவும் இங்கிலீஷில். நான் வெளியே போகும்போதும் வரும்போதும் அந்த இளநீலக் கார் முன்வாசலில் அழகாகச் சிரித்துக்கொண்டு நின்றது. எனக்கு அதன் மேல் ஆத்திரம் வந்தது. என் மேல் வந்ததைக் கொஞ்சம் அதன் மேல் இறக்கி வைத்தேன் என்பதுதான் உண்மை.

ஊரில் என் மச்சான் ரிஸ்விக்கு மரக்கறி லொறி இரண்டு ஓடுகிறது. போனில் அவனிடம் முழுக் கதையையும் சொன்னேன். சிரித்தான், சிரித்தான், போனை வேறு யாரிடமோ கொடுத்துவிட்டும் சிரித்தான். கடைசியில், நீ பார்த்தது சரிதான், ஆனால் அது எங்கள் ஊர்க் காருக்கு, என்றான். காரை விற்று விடவா என்று கேட்டதற்கு, காருக்கு ஒன்றுமில்லை, பிள்ளையிடம் மாப்புக் கேள் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டான்.

எங்கள் வாப்பாமார் பிள்ளைகளிடம் மாப்புக் கேட்டு நான் கண்டதில்லை. ஏதும் தவறு நடந்தால் அன்றைக்கு நல்ல மீன்துண்டு நம் பீங்கானில் விழும். அதுதான் மாப்பு. நானும் அதை முயன்று பார்த்தேன். இருந்ததில் பெரிய இறாலை அவளுடைய பீங்கானில் வைத்தேன். அவள் அதை எடுத்து உம்மாவின் பீங்கானில் வைத்தாள். நஸீமா அதைச் சாப்பிட்டாள்.

வேறு வழியில்லாமல் அந்தப் பின்னேரம் மாடிக்குப் போய்க் கதவைத் தட்டினேன். வாசலில் நின்றே சொன்னேன். "நான் செஞ்சது பிழை மகள். தெரிவு உனக்கெண்டு சொல்லிப் போட்டு நானே தெரிவு செஞ்சன். மாப்பு." சொல்லி முடித்ததும் இவ்வளவுதானா என்று இருந்தது. இத்தனை சின்ன வேலைக்கா மூன்று கிழமை எடுத்தேன் என்று வெட்கமாகவும் இருந்தது. காரை விற்கலாம், தகரத்துக்குப் போடலாம், ஜப்பான் காரை வாங்கலாம், எதுவானாலும் அவள் சொல்வதுதான் என்றேன்.

அடுத்த சனி, ஞாயிறு இரண்டு நாளும் பாயை விரித்துக் காருக்குக் கீழேயே கிடந்தாள். உம்மா கொண்டுபோன சாப்பாட்டையும் அங்கேயே வாங்கிக்கொண்டாள். ஞாயிறு மாலை கொப்பியோடு வந்து என் முன்னால் கதிரையை இழுத்துப் போட்டாள். காரின் படத்தை மேலிருந்து ஒன்று, கீழிருந்து ஒன்றாக வரைந்திருந்தாள். கறள் தின்ற இடமெல்லாம் சிவப்பு. கீழ்ப்படம் முழுக்கச் சிவப்பு. மேல்படத்தில் சிவப்பு ஒரு புள்ளிகூட இல்லை.

"நீங்க பாத்த இடமெல்லாம் நல்லாத்தான் இரிக்கி வாப்பா," என்றாள். "பாக்காத இடந்தான் போயிரிச்சி."

பிறகு தன் தெரிவைச் சொன்னாள். ஜப்பான் காருக்கு மேல்தகரம் தேடிக் கிடைக்காது, கூரை போனால் காரே போனது. மைனருக்கு அடித்தகரம் எல்லாம் இன்னமும் புதிதாகச் செய்கிறார்கள், போனதை வெட்டிப் புதியதை வைக்கலாம். ஆகவே இந்தக் காரைத் தான் தெரிவு செய்கிறாள். வாப்பா வாங்கியதற்காக அல்ல, தான் பார்த்துத் தெரிவு செய்ததால். இனிமேல் மேல்பக்கம் வாப்பா, கீழ்ப்பக்கம் அவள். இரண்டு பேரும் பார்க்காமல் யாரும் சரி சொல்லக் கூடாது.

நான் ஓம் என்றேன். இந்தமுறை இரண்டாவது வசனம் சொல்லவில்லை.

7

அவள் பின்னேர வகுப்பொன்றில் சேர்ந்து வெல்டிங் பழகினாள். வகுப்பில் பெண்பிள்ளை அவள் ஒருத்திதானாம், முதல் மாதமே மற்றவர்களின் ஒட்டைப் பிழை பிடிக்கத் தொடங்கிவிட்டாளாம். எனக்குக் கண் பற்றாது, நான் தேய்ப்பது, பிடிப்பது, பூசுவது. முதல் ஒட்டுப் போட்டபோது நான் வெளியே நின்று ஸலவாத்து ஓதினேன். உதிரிப்பாகக் கடையில் வெள்ளைக்காரரிடம் அவள் கறள் என்ற சொல்லை இங்கிலீஷுக்கு நடுவே போட்டுப் பேசிவிட்டு, தான் போட்டதே தெரியாமல் நின்றாள். அவரும் தெரிந்த மாதிரித் தலையாட்டினார். நான் திருத்தவில்லை.

அடித்தகரம் பெட்டியில் வந்த நாளை மறக்க மாட்டேன். பொதியைப் பிரித்து, தகரத்தின் மூலையில் ஒட்டியிருந்த சின்னத் துண்டை வாசித்துவிட்டு ஹஸ்னா என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். இலங்கையில் செய்தது. மைனருக்கு இன்றும் தகரம் அடிக்கிறவர்கள் எங்கள் நாட்டிலும் இருக்கிறார்களாம். நான் தகரத்தைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்துவிட்டேன். படிவம் படிவமாக நிரப்பி, வரிசை வரிசையாக நின்று நான் வந்து சேர்ந்த நாட்டுக்கு இது ஒரு கேள்வியும் இல்லாமல் தபாலில் வந்திருக்கிறது. நஸீமா படம் எடுத்து ரிஸ்விக்கு அனுப்பினாள். தகரத்தை நக்கிப் பார்த்தாயா என்று பதில் வந்தது.

இப்போது ஒவ்வொரு ஞாயிறும் இரண்டு பாய். அவள் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். கீழே கிடக்கும்போது அவள் தமிழில் கதைக்கிறாள். முகத்தைப் பார்க்கத் தேவையில்லாததாலோ என்னவோ, வீட்டுக்குள் சொல்லாததெல்லாம் சொல்கிறாள். படிப்பைப் பற்றி, பயத்தைப் பற்றி, ஒரு சிநேகிதி பேசாமல் விட்டதைப் பற்றி. நான் பெரும்பாலும் ம் கொட்டுவேன். இருபத்திரண்டு வருஷத்தில் எனக்கு இந்த நாட்டில் கிடைத்த ஆகச் சிறந்த இடம் அந்தக் காருக்குக் கீழேதான்.

8

நேற்று மூன்று பேரும் மேசையில் உட்கார்ந்து சபைக்குப் பதில் எழுதினோம். எழுதியது ஹஸ்னா. வாசித்துத் தமிழில் சொல்லச் சொன்னது நஸீமா.

கைவிடப்பட்ட வாகனமா என்ற கேள்வி வந்ததும் நஸீமாவின் முகம் மாறியது. அவளுடைய குடும்பம், வடக்கிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது உடுத்த உடுப்போடு வந்து புத்தளத்துக் கரைத்தீவில் குடியேறியது. பிறகு ஏதோ ஒரு படிவத்தில் அவர்களுடைய வீட்டுக்கு நேரே கைவிடப்பட்டது என்று யாரோ எழுதி வைத்திருந்தார்களாம். அதை அவள் எங்களிடம் அதிகம் கதைத்ததில்லை.

"இல்லண்டு வடிவா எழுது," என்றாள் மகளிடம். "பெரிய எழுத்துல."

ஹஸ்னா பெரிய எழுத்தில் எழுதினாள். பக்கத்தில் இடம் இருந்ததால், ஒவ்வொரு ஞாயிறும் இரண்டு பேர் அதற்குக் கீழே இருக்கிறோம், வேண்டுமானால் வந்து பார்க்கலாம், தேநீர் தருவோம் என்றும் சேர்த்தாள்.

கடைசிக் கேள்வி, எப்போது வேலை முடியும். நான் ஆகஸ்ட் என்று போடச் சொன்னேன். கணக்குப் போட்டு வைத்திருந்தேன். தினமும் வேலையால் வந்து இரண்டு மணித்தியாலம் செய்தால், அவள் போவதற்கு முன் முடித்துவிடலாம். அவள் கையால் ஒருமுறையாவது அதை ஓட்டிப் பார்த்துவிட்டுப் போகட்டும். முடியாமல் நின்றால் அது பிறகு எப்போதும் முடியாது என்பதுதான் என் பயம். அதையும் மறைக்காமல் சொன்னேன்.

ஹஸ்னா பேனாவை வைத்தாள்.

"என்னத்துக்கு வாப்பா அவசரப்படுறீங்க? லீவுக்கு வந்து வந்து செய்வம். எல்லாம் முடிஞ்சிட்டா நான் எதுக்கு ஓடி ஓடி வாறது?"

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். பிறகு குனிந்து, இரண்டு அல்லது மூன்று வருடங்கள் என்று எழுதி, அடியில் என்னைக் கையெழுத்துப் போடச் சொன்னாள். போட்டேன்.

பின்னேரம் கடிதத்தைத் தபாலில் போட்டுவிட்டு வந்தேன். வீட்டுக்குள் போகாமல் தார்ப்பாயைத் தூக்கினேன். அவளுடைய பாயை விரித்து, அவளுடைய பக்கத்தில் படுத்து, டோர்ச் அடித்து முன்னுக்கிருந்து பின்னுக்கு ஒவ்வொரு இடமாகப் பார்த்தேன். இன்னும் நிறையக் கறள் இருந்தது. அல்ஹம்துலில்லாஹ்.